அணு உலைக்கு வரும் ‘நோயை’ முன்பே சொன்னவர்: யார் இந்த யூஜின் விக்னர்?

2023 செப்டம்பரில் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்திலிருந்து கூடங்குளத்துக்கு நீராவிக் கலன்களை ஏற்றிச் சென்ற மிதவைக் கப்பல், கரைக்குப் பக்கத்தில் பாறையில் சிக்கியது நினைவிருக்கலாம். நீராவிக் கலன் பழுதானால் சிரமப்பட்டாவது மாற்றிவிடலாம். எரிபொருள் இருக்கும் அழுத்தக் கலன் அப்படியில்லை. ஒருமுறை வைத்தால் கடைசி வரைக்கும் அதுதான். அதன் எஃகை நியூட்ரான்கள் எவ்வளவு கெடுத்திருக்கின்றன என்ற கணக்குதான் உலையின் ஆயுளையே முடிவு செய்கிறது.

நியூட்ரான் பட்டால் பொருள் கெடும் என்று முதலில் கணித்தவர், யூஜின் விக்னர்.

1902-ல் புடாபெஸ்ட்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஆலையில் வேலை. மகனும் அங்கேயே வர வேண்டும் என்பது வீட்டின் ஆசை. அதனால் பெர்லினில் வேதிப் பொறியியல் படித்தார், கொஞ்ச காலம் ஆலையிலும் இருந்தார். மனசு இயற்பியலில்தான். 1930-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனுக்குப் போனார். 1939-ல் ஹிட்லர் கையில் அணுகுண்டு போய்விடுமோ என்ற பயத்தில், நண்பர் லியோ சிலார்டுடன் ஐன்ஸ்டைனைத் தேடிப் போனவரும் இவரே.

1942-ல் சிகாகோவில், புளூட்டோனியம் தயாரிக்கும் பெரிய உலைகளை வடிவமைக்கும் குழுவுக்குத் தலைவரானார். வேண்டாவெறுப்பாகப் படித்த பொறியியல் இங்கேதான் கைகொடுத்தது. வேகமான நியூட்ரான் ஒன்று கிராஃபைட்டுக்குள் பாய்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்தார். கேரம் போர்டில் ஸ்டிரைக்கர் காய்களைச் சிதறடிப்பதுபோல, அணுக்கள் தங்கள் இடத்தைவிட்டுத் தெறிக்கும். தெறித்த அணு அடுத்ததை இடிக்கும். பொருளின் குணமே மாறிவிடும். சகாக்கள் இதற்கு ‘விக்னர் நோய்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்!

கணிப்பு பலித்தது. ஹான்ஃபோர்டு உலைகளில் கிராஃபைட் வீங்கியது. 1946-ல் அங்கே முதல் உலையைக் கொஞ்ச காலம் நிறுத்தியே வைத்தார்கள். இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேலில் நடந்தது இன்னும் மோசம். கிராஃபைட்டில் சேர்ந்துவிட்ட ‘விக்னர் ஆற்றலை’ சூடாக்கி வெளியேற்றும் வேலையின்போது, 1957 அக்டோபரில் உலை தீப்பிடித்தது. சுற்றியுள்ள சுமார் 500 சதுர கிலோமீட்டரில் கறந்த பாலைக் கொட்ட வேண்டியதானது.

கூடங்குளத்தில் இருப்பது வேறு வகை, கிராஃபைட் கிடையாது. ஆனா எஃகிலும் அணுக்கள் தெறிக்கத்தான் செய்யும். எஃகு சூடாக இருக்கும்போது அடித்தால் வளையும். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே போனால் கண்ணாடி மாதிரி உடையும். நியூட்ரான் படப்பட அந்த எல்லை மேலே ஏறிக்கொண்டே போகும். அவசர காலத்தில் சூடான கலனுக்குள் குளிர்ந்த நீர் பாயும்போதுதான் உண்மையான ஆபத்து.

அதனால், கலன் செய்த அதே எஃகின் சிறு துண்டுகளை இவ்வகை உலைகளுக்குள் வைக்கிறார்கள். சில வருஷத்துக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்து, ஊசல் சுத்தியலால் அடித்துப் பார்க்கிறார்கள். எஃகில் தாமிரம், பாஸ்பரஸ், நிக்கல் எவ்வளவு, பட்ட நியூட்ரான் எவ்வளவு என்று பார்த்து மிச்ச ஆயுளைக் கணிக்கிறார்கள்.

விக்னருக்கு 1963-ல் நோபல் கிடைத்தது. அதுவும் இதற்காக இல்லை. அணுக்கருவின் சமச்சீர் விதிகளுக்காக. 1995 ஜனவரி 1-ல், 92 வயதில் பிரின்ஸ்டனில் காலமானார்.