மண்ணையும் மீனையும் கற்ற மருத்துவர்

ஓர் ஆற்றில் என்னென்ன மீன்கள் வாழ்கின்றன, ஓர் ஊரின் நிலத்தடியில் எவ்வளவு ஆழத்தில் நீர் கிடைக்கும், ஒரு மலை எந்த வகைப் பாறையால் ஆனது என்பன போன்ற செய்திகளை இன்று நாம் நூலகத்திலோ கணினியிலோ எளிதில் தேடிப் பெறலாம். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்தியாவின் பெரும்பகுதிக்கு இத்தகைய விவரங்கள் ஏட்டில் இல்லை. அவை உழவரிடமும் மீனவரிடமும் கல் வெட்டுவோரிடமும் வாய்மொழியாகவே இருந்தன. அந்த அறிவைத் தேடி ஊர் ஊராகச் சென்று முறையாகப் பதிவு செய்தவர்களுள் முன்னோடியாக விளங்கியவர் பிரான்சிஸ் புகானன் என்னும் மருத்துவர்.

புகானன் 1762ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் ஸ்காட்லாந்தில் உள்ள காலண்டர் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தையும் ஒரு மருத்துவர். புகானன் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1783ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். அக்காலத்தில் மருந்துகள் பெரும்பாலும் செடிகொடிகளிலிருந்தே செய்யப்பட்டதால் மருத்துவ மாணவர்கள் தாவரவியலையும் கற்றனர். அந்தப் பாடம் புகானனின் மனத்தைக் கவர்ந்தது. படிப்பை முடித்தபின் கப்பல் மருத்துவராகப் பணியாற்றி ஆசிய நாடுகளுக்குப் பயணம் செய்தார். 1794ஆம் ஆண்டில் வங்காளத்தில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவப் பணியில் சேர்ந்தார்.

மறு ஆண்டே அவர் பர்மாவிற்குச் சென்ற தூதுக்குழுவில் மருத்துவராக இடம்பெற்றார். அங்கு நோயாளிகளைக் கவனித்ததோடு, தாவரங்களைச் சேகரித்து அவற்றைப் பற்றிய குறிப்புகளையும் எழுதினார். பின்னர் வங்காளத்தின் லக்கிப்பூரில் பணிபுரிந்தபோது ஆற்று மீன்களை ஆராயத் தொடங்கினார். அந்த ஆர்வம் அவருடைய வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

1799ஆம் ஆண்டில் திப்பு சுல்தான் போரில் வீழ்ந்தார். அவர் ஆண்ட மைசூரின் ஒரு பகுதி கம்பெனியின் கைக்கு வந்தது. புதிதாகக் கிடைத்த நிலத்தில் என்ன விளையும், எவ்வளவு வருவாய் கிடைக்கும் என்பதைக் கம்பெனி அறிய விரும்பியது. தலைமை ஆளுநர் வெல்லெஸ்லி அந்தப் பொறுப்பைப் புகானனிடம் ஒப்படைத்தார். புகானன் 1800ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்டார். மைசூர், கோயம்புத்தூர், மலபார், கன்னடக் கடற்கரை ஆகிய பகுதிகளின் வழியாக ஓராண்டுக்கும் மேலாகப் பயணம் செய்தார்.

பயணத்தின் தொடக்கத்திலேயே சென்னைக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரி அவரை வியப்பில் ஆழ்த்தியது. அந்த ஏரி பள்ளம் தோண்டி உருவாக்கப்பட்டதன்று. இயற்கையாக அமைந்த இரண்டு மேடுகளுக்கு இடையில் கரை எழுப்பி மழைநீரைத் தேக்கியிருந்தார்கள். மழை பொய்த்தாலும் ஒன்றரை ஆண்டுக் காலம் 32 ஊர்களின் வயல்களுக்கு அந்த ஏரி நீர் தரும் என்று அவர் கேட்டறிந்து எழுதினார். தென்னிந்தியாவில் ஆற்று நீர் எட்டாத இடங்களில் மக்கள் ஏரியையும் கிணற்றையும் நம்பி வாழ்வதை அவர் கண்டார். ஓர் ஊரை அடைந்ததும், அங்கே வயலுக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்பது அவர் முதன்மையாகக் கேட்டறிந்த செய்திகளுள் ஒன்றாக இருந்தது. கிணறுகளில் மாடுகளைக் கொண்டு நீர் இறைக்கும் முறையையும் அவர் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்தார்.

அதே பயணத்தில், 1800ஆம் ஆண்டின் இறுதியில், கேரளத்தின் அங்காடிப்புரம் என்னும் ஊரில் அவர் ஒரு புதுமையான கல்லைக் கண்டார். செந்நிறமான அந்தக் கல், நிலத்திற்குள் இருக்கும்போது இரும்புக் கருவியால் எளிதில் வெட்டும் அளவுக்கு மென்மையாக இருந்தது. வெட்டி எடுத்துக் காற்றில் வைத்தால் செங்கல்லைப் போல் கெட்டியானது. அதற்குப் பிறகு வெயிலாலும் மழையாலும் அது எளிதில் சிதைவதில்லை. அப்பகுதி மக்கள் அதை வெட்டி வீடு கட்டினார்கள். அவர்கள் அதை இட்டிகைக் கல் என்று அழைப்பதாகப் புகானன் குறித்துக்கொண்டார். இட்டிகை என்றால் செங்கல். அந்தப் பொருளையே தழுவி, செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்கு லேட்டரைட் என்று பெயரிட்டார்.

புகானனின் பயண நூல் 1807ஆம் ஆண்டில் இலண்டனில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. அதன் வழியாக லேட்டரைட் என்னும் சொல் உலகெங்கும் பரவியது. தமிழில் இதைச் செம்பூராங்கல் என்பர். வெப்பமும் மழையும் மிகுந்த நாடுகளில், பாறைகள் நெடுங்காலம் சிதைந்து, இரும்பும் அலுமினியமும் மிகுந்து எஞ்சுவதால் இந்தக் கல் உருவாகிறது என்று பிற்கால அறிஞர்கள் விளக்கினர். மலாக்காவின் ஆ ஃபமோசா கோட்டையிலும் இவ்வகைக் கல்லைக் காணலாம்.

1807ஆம் ஆண்டில் புகானனுக்கு இன்னும் பெரிய பணி வந்தது. வங்காள அரசு, தன் ஆட்சிக்கு உட்பட்ட மாவட்டங்களை ஒவ்வொன்றாக ஆராயும்படி அவருக்கு ஆணையிட்டது. நிலத்தின் அமைப்பு, ஆறுகள், மக்கள்தொகை, பயிர்கள், காடுகள், சுரங்கங்கள், மீன்பிடித் தொழில், கைத்தொழில், வணிகம் என அவர் விசாரிக்க வேண்டியவற்றின் பட்டியல் நீண்டது. புகானன் ஏழு ஆண்டுகள் உழைத்தார். தினாஜ்பூர், ரங்பூர், பூர்ணியா, பாகல்பூர், பாட்னா, ஷாகாபாத், கோரக்பூர் ஆகிய பகுதிகளில் சுற்றினார். மழை இல்லாத மாதங்களில் பயணம் செய்தார். மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்கி அறிக்கை எழுதினார்.

இந்தப் பணி எளிதாக இருக்கவில்லை. கேள்வி கேட்க வந்தவர் ஆட்சியாளரின் ஆள். உண்மையைச் சொன்னால் வரி கூடுமோ என்று நில உடைமையாளர்கள் பலர் அஞ்சினர். அவர்கள் அஞ்சியதில் வியப்பில்லை. கம்பெனி இத்தகைய விவரங்களைத் தேடியதற்கு வருவாயும் ஒரு காரணம். எனவே ஒருவர் சொன்னதை மட்டும் நம்பாமல், பலரிடம் கேட்டும் நேரில் பார்த்தும் ஒப்பிட்டு எழுதுவதைப் புகானன் வழக்கமாகக் கொண்டார்.

ஆறுகளின் கரையில் அவருக்கு வேறோர் உலகம் திறந்தது. கங்கையிலும் அதன் கிளை ஆறுகளிலும் வாழும் மீன்களை அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து, துடுப்பின் முள்களை எண்ணி, நிறத்தையும் அளவையும் குறித்தார். மீன்களுக்கு அப்பகுதியில் வழங்கிய பெயர்களையும் எழுதிக்கொண்டார். பின்னர் அறிவியல் பெயர் சூட்டியபோது அந்தப் பெயர்களையே பல மீன்களுக்குப் பயன்படுத்தினார். ரோகு மீனின் அறிவியல் பெயரில் ரோகிட்டா என்ற சொல்லும், இல்லிஷ் மீனின் பெயரில் இலிஷா என்ற சொல்லும், கட்லா மீனின் பெயரில் கட்லா என்ற சொல்லும் இன்றும் நிலைத்திருப்பது இதனால்தான். மீன்களையும் பிற உயிரினங்களையும் படமாக வரைய இந்திய ஓவியர்களை அவர் அமர்த்தினார். அவருக்காக விலங்குகளை வரைந்தவர்களுள் ஹலுதர் என்ற வங்காள ஓவியரின் பெயர் நமக்குத் தெரிகிறது.

1814ஆம் ஆண்டில் புகானன் கல்கத்தாத் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்றார். ஆனால், அவருடைய உடல்நலம் குன்றியிருந்தது. 1815ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் தாயகம் திரும்பப் புறப்பட்டபோது எதிர்பாராத இழப்பு நேர்ந்தது. பல்லாண்டுகளாகச் சேர்த்த ஓவியங்களை இலண்டனில் உள்ள கம்பெனித் தலைமையிடம் ஒப்படைக்க அவர் எண்ணியிருந்தார். அவை அரசின் உடைமை என்பதால் இந்தியாவிலேயே இருக்க வேண்டும் என்று தலைமை ஆளுநர் மொய்ரா பிரபு மறுத்துவிட்டார். புகானன் மனம் வருந்தினார். ஆயினும் அவர் தம் பணியைக் கைவிடவில்லை.

ஸ்காட்லாந்திற்குத் திரும்பிய அவர், தாய்வழிச் சொத்தைப் பெற்றபோது ஹேமில்டன் என்று தம் பெயரை மாற்றிக்கொண்டார். கைவசம் இருந்த குறிப்புகளையும் சில படங்களையும் கொண்டு, கங்கை ஆற்று மீன்களைப் பற்றிய நூலை 1822ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதில் 269 வகை மீன்கள் விவரிக்கப்பட்டுள்ளன. 39 படத்தாள்கள் இடம்பெற்றன. அவற்றுள் பல மீன்கள் அதுவரை அறிவியல் உலகம் அறியாதவை. அவர் 1829ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் காலமானார்.

அவருடைய வங்காள அறிக்கைகள் அவர் வாழ்ந்த காலத்தில் அச்சேறவில்லை. 1838ஆம் ஆண்டில் மான்ட்கோமரி மார்ட்டின் என்பவர் அவற்றைச் சுருக்கி மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். நூலின் முகப்பில் மார்ட்டினின் பெயர் இருந்தது. ஏழு ஆண்டுகள் நடந்து எழுதியவரின் பெயர் இல்லை. பிறகு 20ஆம் நூற்றாண்டில்தான் புகானனின் அறிக்கைகள் பல அவருடைய பெயரிலேயே பதிப்பிக்கப்பட்டன. கல்கத்தாவில் விட்டுச்சென்ற மீன் ஓவியங்களை இந்திய மீனியல் அறிஞர் சுந்தர் லால் ஹோரா ஆராய்ந்து, 1929ஆம் ஆண்டில் அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார். அங்காடிப்புரத்தில் லேட்டரைட் முதன்முதலாக விவரிக்கப்பட்டதை நினைவுகூரும் சின்னம் ஒன்றை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை எழுப்பியது.

புகானன் 1822ஆம் ஆண்டு நூலில் விவரித்த மீன்களுள் ஒன்று, உடலில் நீல வரிகள் கொண்ட மிகச் சிறிய மீன். வயலோரக் குட்டைகளிலும் ஓடைகளிலும் அது வாழும். அதன் முட்டை தாயின் உடலுக்கு வெளியே வளர்வதாலும், கரு கண்ணாடிபோல் தெளிவாக இருப்பதாலும், உறுப்புகள் உருவாவதை நுண்ணோக்கியில் நேரடியாகக் காணமுடிகிறது. வரிக்குதிரை மீன் என்று அழைக்கப்படும் அதை, இன்று சிங்கப்பூர் உட்பட உலகின் பல ஆய்வுக்கூடங்களில் நோய்களை ஆராயப் பயன்படுத்துகிறார்கள்.

தம் உழைப்பில் ஒரு பகுதி பிறர் பெயரில் வெளிவந்த புகானனின் பெயர் இன்று நிலைபெற்றுவிட்டது. அவருக்கு வலை வீசி மீன் பிடித்துக் கொடுத்தவர்களின் பெயர்களும், கல்லை வெட்டிக் காட்டியவர்களின் பெயர்களும் நமக்குத் தெரியாது. எனினும், அவர்கள் மீனுக்கு வழங்கிய பெயர்களும் கல்லுக்கு வழங்கிய பெயரின் பொருளும் அறிவியல் நூல்களில் இன்னும் வாழ்கின்றன.