முல்லர் கொடுத்த காணிக்கை



ஜார்ஜ் முல்லர் என்றாலே நமக்கு ஞாபகம் வருவது அவருடைய ஜெபம்தான். மனுஷனிடம் கை நீட்டாமல், தேவனிடம் மட்டும் கேட்டு அநாதைப் பிள்ளைகளைப் போஷித்தவர் என்று எத்தனையோ கன்வென்ஷன்களில் கேட்டிருக்கிறோம். அவர் கொடுத்ததைப் பற்றி யாரும் அதிகம் சொல்வதில்லை.

1805-ல் பிரஷ்யா தேசத்தில் பிறந்தவர். தகப்பனார் அரசாங்க வரி வசூலிக்கிறவர். பத்து வயதாகும் முன்பே பையன் அந்த வரிப்பணத்தில் கை வைத்தான். சந்தேகப்பட்ட தகப்பன் ஒருநாள் பணத்தை எண்ணி அறையில் வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து சோதித்தால், பையனுடைய ஷூவுக்குள்ளே, காலுக்கு அடியிலே பணம்! 16 வயதில் சத்திரங்களில் தங்கிச் சாப்பிட்டுவிட்டுக் காசு கொடுக்காமல், ஜெயிலுக்கே போனார். இப்படிப்பட்ட கையைத்தான் 1825-ல் ஹாலே பட்டணத்தில், ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்திலே கர்த்தர் பிடித்தார்.

1830-ல் இங்கிலாந்தில் டின்மத் என்ற ஊரில் போதகராயிருந்தபோது மேரி குரோவ்ஸ் என்ற சகோதரியை விவாகம் செய்தார். அந்த அம்மாவின் அண்ணன் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ், நல்ல வருமானமுள்ள பல் வைத்தியத் தொழிலை விட்டுவிட்டு மிஷனெரியாகப் புறப்பட்டவர். 1833-ல் நம் இந்தியாவுக்கும் வந்தார். 1860-ல் திருநெல்வேலிச் சீமை எழுப்புதலில் கர்த்தர் உபயோகித்த அருளப்பன் அவரோடு ஊழியம் செய்தவர்தான்.

டின்மத் சபையிலே உட்காருகிற இடத்துக்கு வாடகை உண்டு. அதிலிருந்துதான் போதகருக்குச் சம்பளம். பணமுள்ளவனுக்கு நல்ல இடம், ஏழைக்கு மூலை. யாக்கோபு நிருபத்தை வாசித்தவருக்கு மனசு ஒப்பவில்லை. சம்பளமே வேண்டாம் என்றுவிட்டார். ஆலயத்திலே ஒரு பெட்டி வைத்தார்கள். மனசுள்ளவர்கள் அதில் போடலாம். லூக்கா 12:33-ஐ அப்படியே எடுத்துக்கொண்டு, தங்களுக்கு இருந்ததையும் விற்றுப் பிச்சை கொடுத்தார்கள். கலியாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது! வரதட்சணைப் பேச்சு ஓயாத நம் வீடுகளிலே இதை எப்படிப் படிப்பது?

பிறகு பிரிஸ்டல் பட்டணம். 1836-ல் வாடகை வீட்டிலே ஆரம்பித்த அநாதை இல்லம், 1870-க்குள் ஆஷ்லி டவுனில் ஐந்து பெரிய கட்டடங்கள், 2,000 பிள்ளைகளுக்கு இடம் என்று வளர்ந்தது. கடன் ஒரு பைசா கிடையாது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே.

தெரியாததற்கு வருவோம். வருஷாவருஷம் அவர் அச்சிட்ட அறிக்கையில் வந்த காணிக்கைகள் எல்லாம் இருக்கும்; கொடுத்தவர் பேர் மட்டும் இருக்காது. அந்தக் கணக்கில் ஒரு ஆள் திரும்பத் திரும்ப வருவார். கிறிஸ்துவின் அன்பினால் நெருக்கப்பட்டுப் பரலோகத்தில் பொக்கிஷம் சேர்க்கப் பார்க்கிற இயேசுவின் ஊழியக்காரன் என்று மட்டும் குறிப்பு. வாசித்தவர்கள், யாரோ ஒரு பெரிய தனவான் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

1898 மார்ச் 10-ம் தேதி, 92-வது வயதில் முல்லர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அதற்குப் பின்புதான் அந்த ஆள் யாரென்று ஜனங்களுக்கு வெளியாயிற்று. முல்லரேதான்! சொந்தச் செலவுக்கென்று ஜனங்கள் அவர் கையில் கொடுத்ததிலிருந்து அப்படி அவர் திருப்பிக் கொடுத்தது 81,000 பவுண்டுக்கும் மேல். அவர் விட்டுப்போன ஆஸ்தி 170 பவுண்டுகூட இல்லை. அதிலும் பெரும்பகுதி வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்களும் புத்தகங்களும்தான்.