லாரியைக் குளிர வைத்த மெக்கானிக்

1938-ம் ஆண்டு. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் ஹாரி வெர்னர் என்ற லாரிக் கம்பெனி முதலாளிக்குப் பெரிய நஷ்டம் ஏற்பட்டது. கோழி இறைச்சி ஏற்றிச் சென்ற அவருடைய லாரியில் ஐஸ் கட்டிகள் உருகிவிட்டன. போய்ச் சேருவதற்குள் லோடு முழுவதும் கெட்டுப் போயிற்று. ஐஸ் போட்டு மீன் அனுப்பிப் பழகியவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் சொல்லாமலே புரியும்.

வெர்னர் நண்பர்களோடு கோல்ப் ஆடப் போன இடத்தில் இதைச் சொல்லிப் புலம்பினார். அந்தக் கூட்டத்தில் ஏர்கண்டிஷன் தொழிலில் இருந்தவரும் ஒருவர். கட்டடத்தைக் குளிர வைக்கும் மெஷினை ஓடுகிற லாரியில் வைக்க முடியாது, குலுக்கலில் உடைந்துவிடும் என்பது அவருடைய கருத்து. இன்னொருவர் ஜோசப் நூமெரோ. சினிமாக் கொட்டகைகளுக்கு ஒலிக்கருவி செய்து விற்பவர். அவர் விளையாட்டாக, தானே அப்படி ஒன்றைச் செய்து தருவதாகச் சொல்லி வைத்தார். வெர்னர் அதை விளையாட்டாக எடுத்துக் கொள்ளவில்லை. சில நாள் கழித்து ஒரு லாரி நூமெரோவின் கம்பெனி வாசலில் வந்து நின்றது!

நூமெரோவுக்குக் குளிர்சாதனத் தொழில் தெரியாது. ஆனால் அவரிடம் ஒரு மெக்கானிக் இருந்தார். கறுப்பு இனத்தவர். அவர் லாரிக்குள் ஏறினார், அளவெடுத்தார், காகிதத்தில் கணக்குப் போட்டார். இறங்கி வந்து, செய்யலாம் என்றார்.

அவர்தான் பிரெடரிக் மெக்கின்லி ஜோன்ஸ். இன்று உலகம் முழுவதும் ஓடுகிற குளிர்சாதன லாரிகளுக்கு வழி காட்டியவர்.

அனாதைச் சிறுவன்

ஜோன்ஸ் 1893-ம் ஆண்டு மே 17-ந் தேதி, சின்சினாட்டி நகரப் பகுதியில் பிறந்தார். தகப்பனார் அயர்லாந்து வழி வந்த வெள்ளைக்காரர், ரெயில்வே தொழிலாளி. தாயார் கறுப்பினப் பெண். சிறு வயதிலேயே தாய் இல்லாமல் போயிற்று. ரெயில்வே வேலையையும் பார்த்துக் கொண்டு தனியாகப் பிள்ளையை வளர்க்கத் தகப்பனாரால் முடியவில்லை. ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரிடம் கொண்டு போய் விட்டார். அதற்குப் பின் கொஞ்ச காலத்தில் அவரும் இறந்து போனார்.

பாதிரியார் வீட்டில் சாப்பாடும் படிப்பும் கிடைத்தன. வீடு பெருக்குவது, சமையலுக்கு உதவுவது எல்லாம் சிறுவனின் வேலை. ஆனால் அவன் மனம் மோட்டார் கார்களில் இருந்தது. அப்போதுதான் கார்கள் தெருவுக்கு வரத் தொடங்கியிருந்தன. பதினோரு வயதில் அங்கிருந்து கிளம்பிவிட்டான். பள்ளிப் படிப்பு அத்தோடு முடிந்தது.

சின்சினாட்டியில் ஒரு கார் பட்டறையில் கூட்டிப் பெருக்கும் வேலை கிடைத்தது. பகலெல்லாம் துடைப்பமும் கையுமாக நின்றாலும், மெக்கானிக்குகள் எதைக் கழற்றுகிறார்கள், எதை மாட்டுகிறார்கள் என்பதிலேயே கண் இருந்தது. நம் ஊர்ப் பட்டறைகளிலும் தொழில் கற்றவர்கள் பாதிப் பேர் இப்படித்தான் கற்றார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் ஜோன்ஸ் கையில் ஸ்பேனர் வந்தது. இருபது வயது ஆவதற்குள் அந்தப் பட்டறையில் மற்றவர்களுக்கு வேலை சொல்லிக் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டார்.

1912-ல் ஊரை விட்டுக் கிளம்பி, பல இடங்களில் சுற்றி, மின்னசோட்டாவின் வடகோடியில் உள்ள ஹாலக் என்ற சிற்றூருக்கு வந்து சேர்ந்தார். கனடா எல்லை பக்கத்தில்தான். சுற்றிலும் வயல்கள். குளிர்காலத்தில் பனி மூடிவிடும். அங்கே ஒரு பெரிய பண்ணையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலை. அந்த ஊரில் அவரைத் தவிரக் கறுப்பர் என்று சொல்ல ஆள் கிடையாது. ஆனாலும் உழவு எஞ்சின் நின்றுபோனால் அதை ஓட வைப்பவர் அவர்தான் என்று ஊர் கண்டு கொண்டது. ஓய்வு நேரத்தில் புத்தகங்களை வாங்கித் தானே படித்தார். எஞ்சினியர் லைசென்ஸ் ஒன்றும் பெற்றார்.

முதல் உலகப் போரில் ராணுவத்தில் சேர்ந்து பிரான்சுக்குப் போனார். அங்கும் அதே கதைதான். துப்பாக்கியைவிட ஸ்க்ரூடிரைவருக்கே அதிக வேலை. மின்சாரக் கம்பி இழுப்பது, டெலிபோன் இணைப்புக் கொடுப்பது, கெட்டுப் போன கருவிகளைச் சரி செய்வது. சார்ஜென்டாக உயர்ந்து, போர் முடிந்ததும் மறுபடி ஹாலக்குக்கே திரும்பினார்.

கிடைத்ததை வைத்து

ஹாலக்கில் ஒரு சாமான் வேண்டுமென்றால் பெரிய நகரத்திலிருந்துதான் வர வேண்டும். பணமும் வேண்டும், காத்திருக்கவும் வேண்டும். ஜோன்ஸ் இரண்டையும் நம்பாமல் பழைய இரும்பைத் தேடிப் போனார்.

ஊர் டாக்டர்களுக்குக் கார் ஓட்டும் வேலையும் அவர் பார்த்தார். குளிர்காலத்தில் பனியில் கார் ஓடாது. நோயாளி காத்துக் கிடப்பான். ஜோன்ஸ் ஒரு வண்டிக்குச் சக்கரத்துக்குப் பதிலாகச் சறுக்குக் கட்டைகளைப் பொருத்தி, பின்னால் மோட்டாரும் விமான விசிறியும் வைத்துப் பனிமேல் ஓட வைத்தார். நோயாளிகளை எக்ஸ்ரே இருக்கும் இடத்துக்குத் தூக்கிப் போவது சிரமம் என்று டாக்டர் குறைப்பட்டார். உடனே, எடுத்துப் போகக் கூடிய எக்ஸ்ரே கருவி ஒன்றைச் செய்து கொடுத்தார். அதற்குக் காப்புரிமை வாங்கி வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. பின்னால் அதே மாதிரிக் கருவிகளை விற்று மற்றவர்கள் காசு பார்த்தார்கள். ஊர் ரேடியோ நிலையத்துக்கு ஒலிபரப்புக் கருவியும் அவர் கையால் செய்ததுதான்.

1920-களின் கடைசியில் பேசும் படம் வந்தது. ஹாலக் சினிமாக் கொட்டகைக்காரருக்கு அந்தக் கருவியை விலை கொடுத்து வாங்கக் கட்டுப்படியாகவில்லை. ஊமைப் படத்துக்குக் கூட்டம் வராது என்ற பயம். ஜோன்ஸ் பழைய இயந்திர பாகங்களைச் சேர்த்துக் குறைந்த செலவில் ஒலிக்கருவி செய்து கொடுத்தார். வாங்கிய கருவிகளைவிட அது நன்றாகவே பேசியது என்று செய்தி பரவிற்று. அது மினியாபொலிஸ் நகரத்தில் இருந்த நூமெரோவின் காதுக்கும் எட்டியது. 1930 வாக்கில் ஜோன்ஸ் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். சினிமாக் கொட்டகையில் டிக்கெட்டையும் மீதிச் சில்லறையையும் தரும் மெஷின் ஒன்றைச் செய்தார். 1939-ல் அதற்கு அவர் பெயரில் காப்புரிமை கிடைத்தது. எக்ஸ்ரே விஷயத்தில் பட்ட பாடு மறக்கவில்லை போலிருக்கிறது.

ஓடும் பெட்டிக்குள் குளிர்

இனி, வாசலில் நிற்கும் லாரிக்கு வருவோம்.

குளிர்சாதனப் பெட்டி வேலை செய்யும் விதம் பலருக்கும் தெரிந்ததே. கம்ப்ரசர் கேஸை அழுத்துகிறது. அழுத்திய கேஸ் சூடாகிறது. அந்தச் சூட்டை வெளியே கண்டென்சரில் விட்டுவிட்டுத் திரவமாகிறது. பின்பு குறுகிய வழியாக உள்ளே உள்ள குழாய்களுக்குப் போய், ஆவியாகி, அங்கிருக்கும் சூட்டை இழுத்துக் கொள்கிறது. மறுபடி கம்ப்ரசருக்கு வருகிறது. வீட்டிலும் கடையிலும் இது ஒரே இடத்தில் அசையாமல் நிற்கிறது. கரண்டும் சுவரில் இருக்கிறது.

லாரியில் இரண்டும் கிடையாது. ரோட்டில் ஒவ்வொரு குழியிலும் குழாய் இணைப்பு ஆடும். ஒரு இணைப்பில் மயிரிழை அளவு விரிசல் விட்டால் போதும், கேஸ் போய்விடும். கேஸ் போனால் குளிர் போகும். லீக் எங்கே என்று தேடித் தேடி முதுகு ஒடிந்த ஏ.சி. மெக்கானிக்குகளுக்கு, நிற்கிற மெஷினிலேயே அது என்ன பாடு என்பது தெரியும். ஓடுகிற மெஷினில்?

ஜோன்ஸ், கிடைத்த உதிரி பாகங்களைக் கொண்டு முதல் மெஷினைக் கட்டினார். அது ஓட்டுவதற்குத் தனியாக ஒரு சிறிய பெட்ரோல் எஞ்சின். அதிர்ச்சி தாங்கும்படி எல்லாவற்றையும் இறுக்கமாக ஒரே அமைப்பாகச் சேர்த்து, லாரிப் பெட்டியின் அடியில் தொங்கவிட்டார். குளிர்ந்தது! ஆனால் எடை ஏறக்குறைய ஒரு டன். அத்தனை எடைக்குச் சரக்குக் குறைந்துவிடும். போதாததற்கு ரோட்டுச் சேறும் புழுதியும் அடியிலிருந்து வாரி அடித்து மெஷினை அடைத்தன.

இந்த இடத்தில்தான் பழுது பார்ப்பவனின் மூளை வேலை செய்தது. சேறு வராமல் மூடி போட்டால், கண்டென்சருக்குக் காற்று வராது. காற்று வராவிட்டால் சூடு வெளியே போகாது. மூடியும் போட முடியாது, திறந்தும் வைக்க முடியாது. அப்படியானால் தப்பு மெஷினில் இல்லை, அதை வைத்த இடத்தில் இருக்கிறது! எடையைக் குறைத்து, மெஷினை மேலே தூக்கி, பெட்டியின் முன் நெற்றியில், டிரைவர் கேபினுக்கு மேலே வைத்தார். அங்கே சேறு எட்டாது. லாரி ஓடும்போது காற்றும் தாராளம். இன்றும் குளிர்சாதன லாரிகளில் அந்தப் பெட்டி பெரும்பாலும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

டிரைவர் அடிக்கடி இறங்கி எஞ்சினைப் போட்டு நிறுத்திக் கொண்டிருக்க முடியாது. உள்ளே சூடு ஏறினால் எஞ்சின் தானே ஓடவும், போதிய குளிர் வந்ததும் தானே நிற்கவும் வழி செய்தார். இதற்கு 1943-ல் காப்புரிமை. குளிர்க் குழாய்களில் பனி படிந்து அடைத்துக் கொள்ளும் தொல்லைக்கு ஒரு வழி கண்டு 1954-ல் காப்புரிமை. தெர்மோஸ்டாட்டுக்கு 1960-ல். லாரி மெஷினுக்கான முக்கியக் காப்புரிமை, 1942-ல் மனுச் செய்து 1949-ல் கிடைத்தது.

நூமெரோ சினிமா வியாபாரத்தை விற்றுவிட்டு, ஜோன்ஸோடு சேர்ந்து புதுக் கம்பெனி தொடங்கினார். அதுதான் பிற்காலத்தில் தெர்மோ கிங் என்று பெயர் பெற்றது.

அதுவரை ரெயிலில் இறைச்சியும் பழமும் எப்படிப் போயின என்பதையும் சொல்ல வேண்டும். வேகனின் இரு முனைகளிலும் ஐஸ் கொட்டும் தொட்டிகள் இருக்கும். வழியில் குறிப்பிட்ட ஸ்டேஷன்களில் வண்டியை நிறுத்தி, மேலிருந்து ஐஸும் உப்பும் போட வேண்டும். வண்டி லேட்டானால் சரக்கு கெடும். நஷ்ட ஈடு கேட்டு மனு வரும். ஜோன்ஸின் மெஷின்கள் லாரியில் வெற்றி கண்ட பிறகு ரெயிலுக்கும் கப்பலுக்கும் ஏற்ற மாதிரி மாற்றி அமைக்கப்பட்டன. கடலோரத்து மீனும் தோட்டத்துக் காய்கறியும் நூற்றுக்கணக்கான மைல் தள்ளி உள்ள கடைக்குக் கெடாமல் வந்தன.

இரண்டாம் உலகப் போரில் இந்தக் கருவிகளுக்கு வேறு வேலை வந்தது. போர்முனைக்கு ரத்தமும் மருந்தும் உணவும் கெடாமல் போக வேண்டும். ஜோன்ஸ், ராணுவம் எடுத்துச் செல்லக் கூடிய குளிர்சாதனங்களைச் செய்து தந்தார். எத்தனை காயம்பட்டவர்கள் அதனால் பிழைத்தார்கள் என்று யாரும் கணக்கு எடுத்திருக்க முடியாது.

பெயர் யாருக்கு?

1944-ல் அமெரிக்கக் குளிர்சாதன எஞ்சினியர்கள் சங்கம் ஜோன்ஸை உறுப்பினராகச் சேர்த்துக் கொண்டது. அந்தச் சங்கத்தில் சேர்ந்த முதல் கறுப்பர் அவரே. தெற்கு மாநிலங்களில் கறுப்பர்கள் வெள்ளையரோடு ஒரே ரெயில் பெட்டியில் உட்கார முடியாத காலம் அது. அப்படிப்பட்ட நாட்டில், பட்டம் பெற்ற எஞ்சினியர்கள் நடுவே, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட ஒருவருக்கு நாற்காலி கிடைத்தது. 1950-களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே அவரிடம் ஆலோசனை கேட்டது.

அறுபதுக்கு மேற்பட்ட காப்புரிமைகள் அவருடைய பெயரில் பதிவாயின. அவற்றில் நாற்பது வரை குளிர்சாதனம் சம்பந்தப்பட்டவை. ஆனால் பலவற்றின் உரிமை கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. லாரியின் நெற்றியில் கம்பெனியின் பெயர்தான் இருந்தது. அந்தப் பெட்டியைப் பார்த்தவர்களில் ஜோன்ஸ் என்ற பெயரை அறிந்தவர்கள் எத்தனை பேர்?

1946-ல் அவர் லூசில் என்பவரை மணந்திருந்தார். 1961-ம் ஆண்டு பிப்ரவரி 21-ந் தேதி, நுரையீரல் புற்றுநோயால் மினியாபொலிஸில் காலமானார். வயது 67. அதே ஆண்டில் தெர்மோ கிங் கம்பெனியை வெஸ்டிங்ஹவுஸ் வாங்கியது.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1991-ல், அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் ஜோன்ஸுக்கும் நூமெரோவுக்கும் சேர்த்து அறிவிக்கப்பட்டது. அப்போது இருவருமே உயிரோடு இல்லை. அந்தப் பதக்கத்தைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஜோன்ஸ். வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் அதை வழங்க, இருவரின் மனைவியரும் பெற்றுக் கொண்டார்கள்.