ஒரே தட்டில் உண்ட நாயும் பூனையும் எலியும்



புனித மார்ட்டின் தெ போரஸ் அவர்களின் சுரூபத்தையோ படத்தையோ நீங்கள் எங்காவது கண்டிருப்பீர்கள். வெள்ளை அங்கி, கறுப்பு மேற்போர்வை, கரிய முகம், கையில் ஒரு விளக்குமாறு. பெரியவர்கள் அவரது முகத்தை நோக்கிச் செபிக்கின்றனர். பிள்ளைகளின் கண்களோ அவரது பாதத்தடிக்கே செல்கின்றன. அங்கே ஒரு தட்டு இருக்கும். அதிலிருந்து ஒரு நாயும் ஒரு பூனையும் ஓர் எலியும் ஒன்றாய் உண்டுகொண்டிருக்கும். இது எப்படி என்று உங்கள் வீட்டுப் பிள்ளை உங்களிடம் கேட்டிருக்கக்கூடும்.

பெரு நாட்டின் லீமா நகரில் 1579ஆம் ஆண்டு டிசெம்பர் 9ஆம் திகதி மார்ட்டின் பிறந்தார். தந்தை யுவான் தெ போரஸ் ஸ்பானிய உயர்குடியினர். தாய் ஆனா வெலாஸ்கஸ், அடிமைநிலையிலிருந்து விடுதலை பெற்ற கறுப்பினப் பெண். பிள்ளை தாயின் நிறத்தோடு பிறந்தான். அதனால் தந்தை அவனைத் தம் மகனென ஏற்கத் தயங்கினார். திருமுழுக்குப் பதிவேட்டில் தந்தையின் பெயர் எழுதப்படவில்லை. மார்ட்டினும் தங்கை யுவானாவும் வறுமையிலேயே வளர்ந்தனர். ஏறக்குறைய பன்னிரண்டு வயதில் அவர் ஒரு நாவிதரிடம் தொழில் பழகச் சென்றார். அக்காலத்து நாவிதர் முடி திருத்துவதோடு நின்றுவிடுபவர் அல்லர். காயங்களுக்குக் கட்டுப்போடுதல், இரத்தம் வடித்தல், மூலிகை மருந்திடல் யாவும் அவர் கையில்தான் இருந்தன. மார்ட்டின் அனைத்தையும் கற்றுக்கொண்டார்.

பதினைந்து வயதில் அவர் லீமாவின் தொமினிக்கன் துறவற மடத்தின் கதவைத் தட்டினார். ஆபிரிக்க வழிவந்தோர் சபையில் முழு உறுப்பினராக அந்நாட்டு விதி இடமளிக்கவில்லை. எனவே பணியாளருக்குரிய மிகத் தாழ்ந்த நிலையிலேயே அவர் ஏற்கப்பட்டார். கூட்டுதல், கழுவுதல், துணி வெளுத்தல், நோயாளரைப் பராமரித்தல் ஆகியன அவருக்கு ஒப்படைக்கப்பட்டன. விளக்குமாறு அவர் கைக்கு வந்தது அப்போதுதான். 1603இல் அவர் பொதுநிலைச் சகோதரராக வார்த்தைப்பாடு கொடுத்தார்.

எலிகளின் கதை இங்கே தொடங்குகிறது. மடத்தில் வைத்திருந்த துணிகளை எலிகள் கடித்துக் குதறின. பொறுமையிழந்த பொறுப்பாளர் நஞ்சு வைக்கத் தீர்மானித்தார். மார்ட்டின் ஓர் எலியைப் பிடித்துக் கையில் ஏந்தி அதனோடு பேசினார் என மரபு கூறுகிறது. துணிகளை விட்டு எல்லோரும் வெளியேறித் தோட்டத்தின் கோடியில் குடியேறினால், நாள்தோறும் உணவு கொண்டுவந்து தருவதாக அவர் உடன்படிக்கை செய்தாராம். எலியை இறக்கிவிட்டதும் மூலைமுடுக்குகளிலிருந்து எலிகள் கூட்டங்கூட்டமாய்ப் புறப்பட்டுத் தோட்டத்தை நோக்கிச் சென்றனவாம். மார்ட்டினும் தம் வாக்கைத் தவறாது காத்தார்.

குருமட மாணவனாய் இருந்தபோது இதை முதன்முதலில் வாசித்து நான் சிரித்தேன். அந்நாட்களில் களஞ்சிய அறையில் எலிப்பொறி வைப்பது என் பொறுப்பு. என் பொறியில் எலிகள் விழுந்தன. ஆனால் எலித் தொல்லை ஓய்ந்ததாய் எனக்கு நினைவில்லை.

வீதியில் அடிபட்ட நாய்களையும் பூனைகளையும் மார்ட்டின் தூக்கி வந்தார். மனிதருக்கு மருந்திட்ட அதே கைகளால் அவற்றுக்கும் கட்டுப்போட்டார். மடத்தில் அவற்றுக்கு இடம் இல்லாதபோது, மணமாகியிருந்த தங்கை யுவானாவின் வீட்டையே மருத்துவமனையாக்கினார். தங்கையின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். வீட்டை நாய்கள் அசுத்தப்படுத்துவதாக அவர் முறையிட்டபோது, மார்ட்டின் நாய்களை அழைத்து வெளியே சென்று வருமாறு கண்டித்தார் என்றும், அவையும் கீழ்ப்படிந்தன என்றும் சொல்வர். பகைகொண்ட விலங்குகளை அவர் ஒரு தட்டின் முன் அமர்த்தி, சண்டையின்றி உண்ணும்படி பணித்த நிகழ்வே சுரூபத்தில் நாம் காண்பது.

இன்னொரு நாயின் கதையும் உண்டு. மடத்தின் அலுவலர் ஒருவருக்குப் பல்லாண்டுகள் உழைத்த நாய் அது. முதுமையால் அதன் உடல் நாறத் தொடங்கியதும், அதைக் கொன்றுவிடுமாறு அவர் கட்டளையிட்டார். மார்ட்டின் மனம் நொந்து, நன்றிகெட்ட இச்செயலுக்காக அவரைக் கடிந்துகொண்டார். நாயின் உடலைத் தம் அறைக்கு எடுத்துச் சென்று இரவெல்லாம் செபித்தார். மறுநாள் அது உயிரோடு வெளியே வந்தது என்கின்றனர் அக்காலத்தவர். அதன்பின் அது பழைய எசமானரைத் தொலைவில் கண்டாலே ஓடி ஒளிந்துகொள்ளுமாம். எனக்கு இக்கதையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். அற்புதத்தை நம்பத் தயங்குகிறவர்கூட இந்த ஓட்டத்தை நம்பிவிடுவார்.

அன்பர்களே, நாய் என்பது அவருக்கு வெறும் விலங்கின் பெயராய் இருக்கவில்லை. கலப்பினத்தவரை இழிவுபடுத்த அந்நகரத்தார் வழங்கிய வசைச் சொற்களுள் அதுவும் ஒன்று. அவர் பராமரித்த நோயாளிகளே அவரை அவ்வாறு ஏசியதுண்டு. நம் ஊர்களிலும் பிறப்பைச் சொல்லி மனிதரை ஏசும் நாவுகள் உள்ளன. அவற்றுட் சில நற்கருணை வாங்கும் நாவுகள். மார்ட்டின் பதிலுக்கு ஏசவில்லை. மடம் கடனில் மூழ்கியபோது, தம்மை அடிமையாய் விற்றுக் கடனை அடைக்குமாறு தலைவரை வேண்டினார். தலைவர் அதற்கு இணங்கவில்லை. ஆனால் அதைக் கேட்டவர், அடிமைத்தனத்தின் கொடுமையை நன்கறிந்த ஒரு தாயின் மகன் என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

வீதியில் குருதி சிந்திக் கிடந்த ஓர் ஏழையை, தலைவரின் தடையை மீறித் தம் அறைக்குக் கொண்டுவந்து கிடத்தியதற்காக அவர் தண்டிக்கப்பட்டார் என்பதும் வரலாறு. அன்பைவிடக் கீழ்ப்படிதல் மேலானது என்பதைத் தாம் அறிந்திருக்கவில்லை என்று அவர் தாழ்மையோடு மன்னிப்புக் கேட்டார். தலைவர் அதன்பின் அவரைத் தம் விருப்பப்படி செய்ய விட்டுவிட்டார்.

1639ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் திகதி, காய்ச்சலால் தம் அறுபதாவது வயதை நிறைவுசெய்யுமுன் அவர் இறந்தார். நாட்டை ஆண்ட ஸ்பானியப் பிரதிநிதியே அவரது மரணப் படுக்கைக்கு வந்து முழந்தாளிட்டார். மக்கள் அவரது அங்கியைத் துண்டு துண்டாய் வெட்டியெடுத்துச் சென்றனர். பாப்பரசர் பதினாறாம் கிரகோரி 1837இல் அவரை அருளாளராகவும், பாப்பரசர் இருபத்துமூன்றாம் யோவான் 1962ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் திகதி புனிதராகவும் உயர்த்தினர்.

அவரது வாழ்வு பற்றிய திருச்சபை விசாரணை 1660இல் லீமாவில் தொடங்கியபோது, அவரோடு வாழ்ந்தவர்கள் வந்து ஆணையிட்டுச் சாட்சியளித்தனர். குணமான நோயாளர், உணவு பெற்ற ஏழையர், கண்ணீர் துடைக்கப்பட்ட அடிமைகள் ஆகியோரைப் பற்றிய செய்திகளோடு, ஒரே தட்டில் உண்ட நாயையும் பூனையையும் எலியையும் பற்றியும் அந்த ஏடுகளில் எழுதிவைத்தனர்.