மரியா அக்னேசி அம்மையார்

கல்லூரியிற் புகும் மாணாக்கர் பலர், கால்குலஸ் எனப்படும் நுண்கணிதத்தின் வாயிலை அடைந்ததும் உள்ளங் கலங்கி நிற்றல் நாம் காண்பதொன்று. அக்கலக்கத்திற்குக் காரணம் பெரும்பாலும் அறிவின் குறையன்று, வழியறியாமையே. நன்னூல் கல்லாதான் கையிற் சிந்தாமணியைக் கொடுத்தால் அவன் என் செய்வான்? எதனை முன்னர்க் கற்பது, எதனைப் பின்னர்க் கற்பது என்பதை ஆய்ந்து, இளைஞர்க்கு அவ்வழியைச் செப்பனிட்டுத் தந்த பெண்மணி ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

மரியா அக்னேசி 1718-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் நாள் இத்தாலியாவிலுள்ள மிலான் நகரிற் பிறந்தார். தந்தையார் பட்டு வாணிகத்தாற் செல்வம் எய்திய குடியினர். அவர் பெற்ற மக்கள் 21 பேருள் இவரே மூத்தவர். இளமையிலேயே பன்மொழி பயின்ற இவர், ஒன்பதாம் வயதில், பெண்களுக்கும் கல்வி வேண்டும் என்னும் பொருள்பற்றிய இலத்தீன் உரையொன்றைச் சான்றோர் அவையில் நிகழ்த்தினார். தந்தையார் அறிஞரைத் தம் இல்லத்திற்கு அழைத்து, மகளை அவர்களொடு வாதிடச் செய்து மகிழ்வார். மகளுக்கோ அவ்வாரவாரம் உவப்பன்று. கன்னியர் மடம் புக விழைந்தார், தந்தையார் இசைந்திலர். எளிய உடை உடுத்தல், விரும்பியபோது கோயிலுக்குச் செல்லுதல், கேளிக்கைகளுக்குச் செல்லாதிருத்தல் ஆகியவற்றிற்கு இசைவு பெற்று இல்லத்திலேயே தங்கினார்.

1740-ஆம் ஆண்டு முதல் ராம்பினெல்லி என்னும் துறவியார் இவர்க்குக் கணித ஆசிரியராயினார். அக்காலத்து நுண்கணிதம் ஒரு நூலில் அடங்கியதன்று. நியூட்டன், லைப்னிட்ஸ் முதலியோர் கண்டவை பல மொழிகளிலும் பல ஏடுகளிலும் சிதறிக் கிடந்தன. ஆசிரியரின்றி அவற்றைக் கற்கப் புகுவார் காட்டிடை வழி தேடுவார் போல்வர். அவற்றைத் தொகுத்து ஒழுங்குபடுத்தினால் தம் தம்பியர்க்கு உதவும் என எண்ணித் தொடங்கிய பணி, ஏறத்தாழ ஆயிரம் பக்கங்கொண்ட இரு தொகுதிகளாய் 1748-இல் வெளிவந்தது. இத்தாலிய இளைஞரின் பயன் கருதி இயற்றப்பெற்றது என அதன் பெயரே கூறும். கற்றோர் மொழியாகிய இலத்தீனில் அன்றித் தாய்மொழியிலேயே அஃது எழுதப்பெற்றது என்பதைத் தமிழ் பயிலும் நாம் சிறப்பாக நினைத்தல் வேண்டும்.

அந்நூலின் அமைப்பு பெரிதும் போற்றத்தக்கது. முதல் தொகுதி இயற்கணிதத்திற் றொடங்கிச் சமன்பாடும் வளைவரையும் தம்முள் இயையுமாற்றை விளக்கும். தொடுகோடு வரைதல், ஒன்றன் மிகப்பெரிய மதிப்பையும் மிகச்சிறிய மதிப்பையும் காண்டல் முதலிய வினாக்களை இயற்கணித முறையானே ஆராயும். ஆதலின், இரண்டாந் தொகுதியில் வகைநுண்கணிதத்தை எய்தும் மாணாக்கன் தான் முன்னரே அறிந்த வினாக்களையே புதிய கருவியொன்றால் எளிதின் விடுத்தல் காண்பான். தொகைநுண்கணிதமும் வகையீட்டுச் சமன்பாடுகளும் அதன்பின் வரும். ஒவ்வொரு படியிலும் எடுத்துக்காட்டுக் கணக்குகள் மலிந்துள.

பாரிஸ் கல்விக் கழகத்தார் அதன் ஒழுங்கையும் தெளிவையும் மெச்சினர். கேம்பிரிட்ஜில் நியூட்டன் வீற்றிருந்த பேராசிரியர் பீடத்திற்குப் பின்னாளில் உரியராயிருந்த கோல்சன் என்பார், இதனை ஆங்கிலத்திற் பெயர்த்தற்பொருட்டே முதுமையில் இத்தாலிய மொழி கற்றனர். அம்மொழிபெயர்ப்பு அவர் இறந்து பல்லாண்டு கழிந்தபின் 1801-இல் அச்சேறிற்று. வளைவரையொன்றன் பெயரை அவர் பிறழ உணர்ந்தமையால் அஃது இன்றும் ஆங்கிலத்தில் அக்னேசியின் சூனியக்காரி என வழங்குகிறது!

1750-இல் போப்பரசர் பதினான்காம் பெனடிக்ட் இவரைப் பொலோனியாப் பல்கலைக்கழகத்திற் கணிதம் கற்பிக்க நியமித்தார். எனினும் இவர் ஆண்டுச் சென்றிலர். 1752-இல் தந்தையார் இறந்தபின், தம் நாட்களை ஏழையர்க்கும் பிணியாளர்க்குமே உரியவாக்கினார். அரசி மரியா தெரேசா அளித்த பரிசுகளையும் அவர்பொருட்டு விற்றார். 1762-இல் இளைஞராகிய லக்ராஞ்சு இயற்றிய புதுக் கணித ஆராய்ச்சிபற்றித் தூரின் பல்கலைக்கழகத்தார் இவர் கருத்தை வேண்டியபொழுது, அத்துறையில் தமக்கு இனி நாட்டமில்லை என விடுத்தார். 1799-ஆம் ஆண்டு சனவரி 9-ஆம் நாள் வறியராய் இறந்து பொதுக்குழியில் அடக்கம் பெற்றார்.

இத்துணைப் பெருங் கணிதப் புலமையை இவர் கைவிட்டது இழப்பன்றோ எனச் சிலர் வினவக்கூடும். யாமும் இவர் வரலாற்றை முதற்கண் படித்தபோது அங்ஙனமே வருந்தினோம். மீண்டும் எண்ணுங்கால், இரு பணியும் ஒன்றேயெனத் தோன்றிற்று. வழியறியாது கலங்கும் மாணாக்கன் கையைப் பற்றியதும், துணையின்றிக் கிடந்த பிணியாளன் கையைப் பற்றியதும் ஒரே கை. நண்பர்காள்! நாம் கடந்த கடினப் படிகளில் நமக்குப் பின் வருவார்க்கு விளக்கொன்றேனும் ஏற்றி வைப்போமாக.