பாப்பாத்தி அம்மாள் கோயில்

பாளையங்கோட்டையில் பழைய கிறிஸ்தவ ஆலயம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் கிளாரிந்தா ஆலயம். ஊர் மக்களோ அதைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று சொல்வார்கள்.

கிறிஸ்தவர் கும்பிடும் இடத்துக்குப் பாப்பாத்தி பெயர் எப்படி வந்தது? அது 200 ஆண்டுகளுக்கு முற்பட்ட கதை.

தீயில் இருந்து தப்பியவர்

தஞ்சாவூரில் ஒரு மராட்டியப் பிராமணக் குடும்பம். அந்த வீட்டு இளம் பெண்ணின் கணவர் இறந்துபோனார். உடன்கட்டை ஏறும் வழக்கம் இருந்த காலம் அது. அவர் சிதையில் ஏறும் நேரத்தில், லிட்டில்டன் என்ற இங்கிலீஷ் படை அதிகாரி தடுத்துக் காப்பாற்றினார் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

உயிர் பிழைத்தது. ஆனால், போக்கிடம் ஏது? சிதையில் இருந்து திரும்பி வந்த விதவைக்கு அந்நாளில் எந்த வீட்டுக் கதவு திறக்கும்?

லிட்டில்டன் துரையே அவருக்கு ஆதரவு கொடுத்தார். இங்கிலீஷ் கற்றுக்கொடுத்தார். கிறிஸ்தவ மதத்தைப் பற்றியும் சொன்னார். அம்மாளின் மனம் அதில் படிந்தது. இருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். ஆனால், கலியாணம் நடக்கவில்லை.

மறுத்த ஐயர்

அப்பொழுது தஞ்சைப் பக்கத்தில் ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ் ஐயர் மத ஊழியம் செய்துவந்தார். அம்மாள் அவரிடம் போய், தனக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று கேட்டார்.

ஐயர் மறுத்துவிட்டார். கலியாணம் ஆகாமல் ஒருவரோடு வாழும்வரை ஞானஸ்நானம் கொடுக்க முடியாது என்பது அவருடைய தீர்ப்பு.

அம்மாளின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். சொந்த சாதி கைவிட்டது. சேர நினைத்த சபையும் வாசலில் நிறுத்திவிட்டது. துரையை விட்டுப் போனால் சோற்றுக்கு வழி இல்லை. வேறு ஒருவராக இருந்தால், இந்தச் சாமியும் வேண்டாம், சபையும் வேண்டாம் என்று போயிருப்பார். அம்மாள் போகவில்லை.

துரைக்குப் பாளையங்கோட்டைக்கு மாற்றல் ஆயிற்று. அம்மாளும் உடன் வந்தார். பிறகு துரை நோயில் இறந்தார். 1778-ம் ஆண்டு சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தார். அம்மாள் மறுபடியும் கேட்டார். இந்தத் தடவை தடை இல்லை. ஞானஸ்நானம் கொடுத்து, கிளாரிந்தா என்று பெயர் வைத்தார்.

முதல் பெயர்

1780-ம் ஆண்டு பாளையங்கோட்டைச் சபையின் அங்கத்தினர் பட்டியல் எழுதப்பட்டது. மொத்தம் 40 பேர். முதல் பெயர் கிளாரிந்தா! அந்த 40 பேரும் ஒரே சாதி அல்ல, பல சாதியார். தெருவில் ஒதுங்கி நடந்தவர்களின் பெயர்கள் ஒரே ஏட்டில் ஏறின.

கும்பிட ஓர் இடம் வேண்டும் அல்லவா? அம்மாள் தம் பணத்தைக் கொடுத்தார். அங்கிருந்த வெள்ளைக்காரர்களிடமும் உதவி பெற்றார். ஆலயம் எழுந்தது. 1785-ல் சுவார்ட்ஸ் ஐயரே வந்து பிரதிஷ்டை செய்தார். முன்பு மறுத்த அதே ஐயர்!

கட்டடம் மட்டும் போதுமா? சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று அம்மாள் தஞ்சை வரை போய்க் கேட்டார். உபதேசியார் சத்தியநாதன் திருநெல்வேலிச் சீமைக்கு வந்தார். 1790-ல் அவர் குருப்பட்டம் பெற்றார்.

ஊராருக்காக அம்மாள் வெட்டியது என்று ஒரு கிணற்றையும் சொல்வார்கள். அதற்கும் பாப்பாத்தி அம்மாள் கிணறு என்றே பெயர்.

1806-ம் ஆண்டு வாக்கில் கிளாரிந்தா அம்மாள் காலமானார். திருநெல்வேலிச் சீமைக்காரரான அ. மாதவையா, அம்மாளின் வாழ்க்கையை வைத்து இங்கிலீஷில் ஒரு நாவல் எழுதி, 1915-ல் வெளியிட்டார்.

அம்மாள் பெரிய பிரசங்கி அல்ல. புத்தகம் எழுதியவரும் அல்ல. மறுத்தபோது கோபித்துக்கொண்டு போகாமல் காத்திருந்தார். சேர்த்துக்கொண்டபோது, கையில் இருந்ததைக் கொடுத்து, மற்றவர்களும் வந்து உட்கார இடம் செய்தார். அதனால்தான், அவர் விட்டு வந்த சாதியின் பெயராலேயே ஊர் இன்னும் அவரை அன்போடு நினைக்கிறது.