இரண்டாம் இராசேந்திர சோழன்

இரண்டாம் இராசேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்டு ஆட்சி செய்த சோழ மன்னன் ஆவான். முதலாம் இராசேந்திர சோழனின் மகன்; முதலாம் இராசாதிராச சோழனின் தம்பி. பரகேசரி என்னும் பட்டம் பெற்றவன். இராசாதிராசன் தன் மக்கள் இருக்கவும் இவனையே பட்டத்துக்கு உரியவனாக்கினான். இவனது ஆட்சியாண்டுகள் கி.பி. 1052 முதல் கணக்கிடப்படுகின்றன.

கொப்பத்துப் போர்

ஆகவமல்லன் எனப்பட்ட மேலைச் சாளுக்கிய மன்னன் முதலாம் சோமேசுவரனுக்கும் சோழருக்கும் இடையே 1054 இல் கொப்பம் என்னுமிடத்தில் பெரும்போர் நடந்தது. கிருட்டிணை ஆற்றங்கரையிலுள்ள கித்ராப்பூரே இவ்விடம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. யானை மீதமர்ந்து படை நடத்திய இராசாதிராசன் களத்திலேயே உயிர் துறந்தான். பிற்காலக் கல்வெட்டுகள் அவனை ஆனைமேல் துஞ்சிய தேவன் எனக் குறிப்பது இதனாலேயே.

மன்னனை இழந்த சோழப்படை நிலைகுலைந்தது. அப்போது இராசேந்திரன் தன் யானையைச் செலுத்திப் போர்முனைக்கு வந்தான். அதன் பின் நிகழ்ந்தவற்றை மணிமங்கலத்திலுள்ள இவனது நான்காம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு விரிவாகக் கூறுகிறது. பகைவரின் அம்புகள் யானையின் நெற்றியிலும் இவனது தொடையிலும் தோள்களிலும் தைத்தன. இவனுடன் அதே யானையில் ஏறியிருந்த வீரர்கள் மாண்டனர். இவனோ களத்தை விட்டு அகலவில்லை. தொடர்ந்த போரில் சோமேசுவரனின் தம்பி சயசிங்கன் முதலானோர் கொல்லப்பட்டனர். சோமேசுவரன் பின்வாங்கி ஓடினான். யானைகள், குதிரைகள், ஒட்டகங்கள் ஆகியவற்றோடு சாளுக்கிய அரசியர் சிலரும் சோழர் வசமாயினர்.

போர்க்களத்திலேயே இராசேந்திரன் முடிசூடிக் கொண்டான். கலிங்கத்துப்பரணியும் இச்செய்தியைக் குறிப்பிடுகிறது. தலைவனின்றிக் கலைந்த படையை ஒன்றாக நிறுத்த அது தேவைப்பட்டிருக்கலாம். காயங்கள் ஆறும் முன்பே இது நடந்தது என்றும் கொள்ளலாம். பின்னர்க் கொல்லாபுரத்தில் (இன்றைய கோலாப்பூர்) வெற்றித்தூண் நாட்டினான்.

மெய்க்கீர்த்திகள் மன்னனைப் புகழ எழுதப்பட்டவை. எனவே வெற்றியின் அளவை அப்படியே ஏற்க இயலாது. சாளுக்கியர் தரப்புக் கல்வெட்டுகள் சோழ மன்னன் கொல்லப்பட்டதையே பேசுகின்றன. எனினும் அரசன் பட்ட காயங்களை உறுப்பு வாரியாகச் சொல்லும் மெய்க்கீர்த்திகள் அரிதாகையால், அப்பகுதி நம்பத்தக்கதாகவே தோன்றுகிறது. கொப்பத்துடன் பகையும் முடியவில்லை. சில ஆண்டுகளில் முடக்காற்றில் இரு படைகளும் மீண்டும் மோதின. ஈழத்துக்கும் இவன் படை அனுப்பினான்.

பிற செய்திகள்

தஞ்சைப் பெரிய கோயிலில் வைகாசித் திருவிழாவின்போது இராசராசேசுவர நாடகம் நடிப்பதற்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் அளிக்க இவன் ஆணையிட்டதை அக்கோயிற் கல்வெட்டு தெரிவிக்கிறது.

இளவரசுப் பட்டம் பெற்ற மகன் இராசமகேந்திரன் தந்தைக்கு முன்பே இறந்ததால், 1063 அளவில் தம்பி வீரராசேந்திரன் அரியணை ஏறினான். இவன் மகள் மதுராந்தகியை மணந்த கீழைச் சாளுக்கிய இளவரசனே 1070 இல் முதலாம் குலோத்துங்கனாகச் சோழ அரியணை ஏறியவன்.

இவர்கள் வாழ்ந்த தலைநகரில் பெருங்கோயில் மட்டுமே இன்று நிமிர்ந்து நிற்கிறது. கோயிலுக்குத் தென்மேற்கே மாளிகைமேட்டில் 1980 முதல் நடந்த அகழாய்வுகளில் அரண்மனையின் செங்கற் சுவர் அடித்தளங்கள் வெளிப்பட்டன.